பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

தானே புயல் ஓய்ந்த பிறகு கடலூரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திக் கரண்டு கொடுத்த அன்றுதான் எங்களுக்குப் புயல் தொடங்கியது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி. அங்கிருந்த இரண்டு தொலைபேசிகளும் காலை எட்டு மணியிலிருந்து வாய் ஓயவில்லை. பண்ருட்டி, திட்டக்குடி, சிதம்பரம் என்று எங்கிருந்து பேசினாலும் புகார் ஒன்றுதான். “கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை வெள்ளையா எழுதி, எஃப் ஒன் அமுக்குன்னு நிக்குது சார்.”

காரணம் சின்னது. கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும், ஹார்டு டிஸ்க் எது என்ற விவரத்தையும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. ஏற்கெனவே அரை உயிரோடு இருந்த பேட்டரிகள் எல்லாம் அந்த இருட்டு வாரங்களில் மொத்தமாக மண்டையைப் போட்டுவிட்டன.

அந்தத் தை மாதம் முழுக்கப் பேட்டரி மாற்றினோம். ஒரு நாள் எங்கள் இளைய இன்ஜினியர் கௌசல்யா சலித்துக்கொண்டாள். “சார், இதெல்லாம் ஒரு வேலையா? கடியாரத்துக்கு பேட்டரி போடுற மாதிரி. உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது, அதச் சொல்லுங்க.” வைரஸ், டிஸ்க் எரிந்து போனது என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். “இதுதாம்மா” என்றேன். நம்பவில்லை. அதற்குச் சில மாதங்களில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருப்பவனுக்கு எழுத நேரம் ஏராளம். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். பூர்வீகம் திருவதிகைப் பக்கம். அப்பா கரும்பும் மணிலாக் கடலையும் போட்டவர். எனக்கு மண்வெட்டி பிடித்தால் கை கொப்பளிக்கும், திருப்புளி பிடித்தால் தூக்கம் வராது. திருப்பாதிரிப்புலியூரில் பல வருஷம் டி.வி. பழுதுபார்த்தேன். 2004இல் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. பதினைந்து நாள் பயிற்சி. அதில் பாதி நாள் மவுஸைப் பிடித்து நகர்த்தவே போனது. எலியைப் பிடிக்கப் பழகியதும் என்னை ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மனைவி அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் மும்தாஜ் மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் அவர் மேசை முன் நிற்கும்போது எனக்குச் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் எதையாவது பூசி மெழுகினால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிடுவார். பிறகு ஒன்றும் பேச மாட்டார். அந்த மௌனத்தில் நாமே உண்மையைக் கக்கிவிட்டு வர வேண்டியதுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றே. “டைம் என்ன காட்டுது?”

“பத்தரை ஆவுது மேடம்.”

“உங்க கடியாரத்துல இல்லீங்க. கம்ப்யூட்டர்ல.”

இந்த உரையாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கும். இயந்திரம் காட்டும் தேதி பல வருஷம் பின்னே போய் ஜனவரி ஒன்று என்று நின்றால், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் இதற்கென்றே இரண்டு கட்டம் அடித்து வைத்திருந்தார். ஒன்றில் கம்ப்யூட்டர் காட்டும் நேரம், இன்னொன்றில் நம் கைக்கடிகார நேரம். இயந்திரத்தைத் தொடும் முன் இரண்டையும் எழுத வேண்டும்.

பேட்டரி மாற்றுவதற்கும் ஒரு முறை வகுத்திருந்தார். முதலில் உள்ளே இருக்கும் செட்டிங் விவரங்களைத் தாளில் பார்த்து எழுது. பிறகு அணை, ஒயரைப் பிடுங்கு, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தித் தேங்கிய கரண்டை வடியவிடு. இரும்புச் சட்டத்தைத் தொட்டு உன் உடம்பின் கரண்டை இறக்கு. பக்கத்துக் கொக்கியை நகத்தால் தள்ளு, பேட்டரி தானே துள்ளி எழும். மீட்டரில் மூன்று வோல்ட்டுக்கு ரொம்பக் குறைந்தால் அதற்குக் கருமாதிதான். முதுநகர் துறைமுகப் பக்கம் உப்புக் காற்றில் பேட்டரி உட்காரும் தகடு பச்சை பூத்துக் கிடக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி புதியதை அமுக்கி, தேதி, மணி வைத்து முடித்த பிறகுதான் முக்கியமான கட்டம். மறுபடி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போய் டீ குடி. இருபது நிமிஷம் கழித்து வந்து மணி சரியாக இருக்கிறதா பார். டீயையும் வேலையில் சேர்த்த ஒரே மேனேஜர் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேட்டரிகளுக்கு ஆயுசு குறைவு. குற்றம் பேட்டரியுடையது அல்ல. ஆபீஸைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். இடி விழும், வயர் பற்றும் என்று பயம். அணைக்காமல் போனால் வீட்டில் சோறு இறங்காது. மெயின் இருந்தால் அந்தக் கரண்டிலேயே கடிகாரம் ஓடும். அணைத்தால் முழுப் பாரமும் அந்தக் காசளவு பேட்டரியின் தலையில். அதனால் எங்களுக்குத் திங்கட்கிழமைகளும் பண்டிகைக்கு மறுநாளும் ஜாஸ்தி வேலை.

சிதம்பரம் கீழ வீதியில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கடை ஒன்று இருந்தது. ஒரு நாள் அந்தக் கடைக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். நான்கு நாளாக வருகிற எல்லோருக்கும் முடிந்துபோன தசையே நடக்கிறதாகக் காட்டுகிறதாம். ஒரு வாடிக்கையாளர், “எனக்கு ஏழரைச் சனி போய் மூணு வருசம் ஆச்சு, திரும்ப எப்படிய்யா வந்துச்சு?” என்று சண்டைக்கே வந்துவிட்டாராம். போய்ப் பார்த்தால் இயந்திரம் ஐந்து வருஷம் பின்னே நின்றது. பேட்டரியை மாற்றினேன். கடைக்காரர் யோசனையாகக் கேட்டார். “அப்ப கெட்ட நேரம் அவுங்களுக்கு இல்ல, இந்த மிஷினுக்குதானா?” ஆமாம் என்றேன். பரிகாரம் உண்டா என்று கேட்காமல் விட்டாரே, அதுவரை சந்தோஷம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

முழுசாகச் செத்த பேட்டரி ஊரறியக் கத்திவிடும். பாதி செத்தது வாய் திறக்காது. எஃப் ஒன் கேட்காது, செட்டிங் எதையும் மறக்காது. மெயினை அணைத்ததும் கடிகாரம் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். மறுபடி போட்டதும் நின்ற இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்கும்.

2008இல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அப்படி ஒன்று எனக்கு வாய்த்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பெண் பெயர் செல்வி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தொகுப்பூதியத்தில் மூன்று வருஷமாக இருந்தாள். “சார், காலைல வந்தா டைம் பின்னாடி கெடக்குது. வேற ஒரு கம்ப்ளைண்டும் இல்ல” என்றாள்.

அன்று ஆனித் திருமஞ்சனத் தேர். நான்கு வீதியிலும் கூட்டம். வேலையை முடித்துவிட்டு ஓடிப்போய் வடத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எனக்கு அவசரம். பையைத் துழாவினால் பேட்டரி தீர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் காட்டிய நேரத்தை உள்ளபடி எழுதினால், “அப்ப ஏன் பேட்டரி மாத்தல?” என்று மேடம் கேட்பார். அதனால் என் கடிகார நேரத்தையே இரண்டு கட்டத்திலும் எழுதினேன். கீழே, ‘பரிசோதிக்கப்பட்டது. பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணியைக் கையால் திருத்தி வைத்துவிட்டு, “பின்னாடி போனா நீயே இப்படி மாத்திக்கம்மா, அடுத்த தடவ பாக்கறேன்” என்று சொல்லிக் கிளம்பினேன். தேரையும் பார்த்தேன். பிறகு அடியோடு மறந்துபோனேன். செல்வி மறக்கவில்லை. தினமும் காலையில் வந்ததும் மணியைத் திருத்தி வைப்பதை வாசல் பெருக்குவது போல ஒரு வழக்கமாக்கிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்திருந்தது. ஒரு நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் என்னுடைய அந்த ஆனி மாத ரிப்போர்ட்டின் கார்பன் நகல் இருந்தது.

“அண்ணே, செல்வின்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அழுதுகிட்டே பேசுச்சு. இதப் பாருங்க.”

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸில் பூஜை போட்டிருக்கிறார்கள். மாணவர்களின் இன்டர்னல் மார்க் பட்டியல் அன்று பிற்பகலே முடித்துச் சரிபார்த்தாகிவிட்டது. பூஜை முடிந்து எல்லோரும் போன பிறகு, பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையும் மெயினையும் அணைத்து, பிறகு பொரியும் பூவும் கூட்டி அள்ளி, ஆறு மணி சுமாருக்கு வாட்ச்மேனிடம் சாவி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் செல்வி. விடுமுறை முடிந்து சில நாள் கழித்து, ஒரு மாணவனுக்கு மார்க் கூடியிருப்பதை ஆசிரியர் கண்டுபிடித்தார். அந்த மார்க் பட்டியல் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் என்று கம்ப்யூட்டர் காட்டியது, பூஜை நாள் மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில் ஆபீஸில் இருந்தது செல்வி மட்டும். போதாக்குறைக்கு அந்த மாணவன் அவள் தெருப் பையன்.

“டைம் தப்பா காட்டும் சார், நான்தான் தெனம் திருத்தி வைப்பேன்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் ஃபைலில் இருந்து ஒரு தாளை உருவி எடுத்துப் படித்தாராம். பரிசோதிக்கப்பட்டது. பழுது இல்லை. கீழே என் கையெழுத்து. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரையும் அணைத்து, ஒயரைப் பிடுங்கி, உறை போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பதினோராம் நாள்.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

தேர், தீர்ந்துபோன பேட்டரி, இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம் எழுதியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நாளைக்கு மொத பஸ்ஸுல போறோம். நானும் வரேன். எங்கிட்ட சொன்னத அப்படியே அங்க சொல்லணும்.”

“பொய் ரிப்போர்ட்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிடும் மேடம்.”

“போவட்டும். இன்னொரு காலேஜு புடிச்சிக்கலாம். அந்தப் பொண்ணுக்குப் பேரு போனா எங்க போயி புடிக்கிறது?” என்றார். பிறகு அட்டையை என் பக்கம் தள்ளி, “இத மாட்டிக்கிட்டு வாங்க. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவரா வரணும்” என்றார்.

மறுநாள் பிரின்சிபல் அறையில் நின்றபடி சொன்னேன். பிரின்சிபல் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். சூப்பரிண்டெண்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்குப் போய்க் கம்ப்யூட்டரின் உறையை எடுத்து, ஒயரை மாட்டி, எல்லோர் கண் முன்னாலும் போட்டோம். எஃப் ஒன் கேட்கவில்லை, எந்தப் பிழையும் காட்டவில்லை. மூலையில் மட்டும் பன்னிரண்டு நாளுக்கு முந்தின தேதி ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் சார் பழுது. ஆனி மாசத்துலயே இருந்துது. நான் மறைச்சிட்டேன்” என்றேன்.

சூப்பரிண்டெண்ட் ஒப்புக்கொள்ளவில்லை. “இப்பக் கெட்டுப் போயிருக்கலாம் சார். அன்னிக்கி நல்லாத்தான் இருந்துது. பரிதாபப்பட்டு வந்து சொல்றாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மீட்டரை வைத்து இன்றைய வோல்ட்டை அளக்கலாம். போன வாரத்து வோல்ட்டை அளக்க மீட்டர் கிடையாது. உண்மையைச் சொல்லியும் அந்தப் பெண்ணுக்கு உதவாமல் போகிறதே என்றிருந்தது.

மேடம் அமைதியாகக் கேட்டார். “சார், இந்த மிஷின்ல அன்னிக்குத் தேதியில வேற என்னென்ன சேவ் ஆயிருக்குன்னு பாக்கலாமா?”

பிரின்சிபல் தலையசைத்தார். கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். மார்க் பட்டியலுக்குச் சற்று மேலே ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அதே பூஜை நாள் மாலை, ஐந்து முப்பத்தெட்டு. திறந்தேன். வெள்ளைப் பக்கத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘ஸ்ரீ சரஸ்வதி துணை’. வேறொன்றும் இல்லை.

“இது யாரு சார் டைப் பண்ணது?” என்றார் மேடம்.

“நான்தாம்மா” என்றார் பிரின்சிபல். “விஜயதசமி அன்னிக்கி நல்ல வேலை தொடங்கணும்ல. காலைல ஒம்பது மணிக்கு நல்ல நேரம் பாத்து வந்து...” என்றவர் அப்படியே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

தன் கையால் விஜயதசமி காலையில் எழுதியதை, இரண்டு நாள் முந்திப் பூஜை மாலையில் எழுதியதாக அந்தக் கம்ப்யூட்டர் காட்டிக்கொண்டிருந்தது. பூஜை அன்று செல்வி மெயினை அணைத்த நிமிஷத்தில் நின்ற கடிகாரம், விஜயதசமி காலை இவர் வந்து போட்டதும் அங்கிருந்தே ஓடியிருக்கிறது. அப்படியானால் அந்த ஐந்து ஐம்பத்திரண்டும் பூஜை மாலை அல்ல. இவர் எழுதிப் பதினான்கு நிமிஷம் கழித்து, விஜயதசமி காலை. செல்வி அன்று கல்லூரிப் பக்கமே வரவில்லை.

பிரின்சிபலே வாய்விட்டுக் கணக்குப் போட்டார். “நான் எழுதிட்டுப் பிரசாதம் வாங்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். எனக்கப்புறம் அந்தச் சேர்ல...” என்று திரும்பிச் சூப்பரிண்டெண்டைப் பார்த்தார்.

“ஒரு கூட்டல் தப்பா இருந்த மாதிரி தெரிஞ்சுது சார். திருத்துனேன்” என்றார் அவர், தரையைப் பார்த்து.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர் கதையை எழுத எனக்கு உரிமையும் இல்லை. நான் போய்ப் பேட்டரியைக் கழற்றினேன். இரண்டே கால் வோல்ட். புதியதைப் போட்டு, மணி வைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிஷம் அங்கேயே நின்றேன். அன்று டீ குடிக்கத் தோன்றவில்லை.

செல்வி சைக்கிள் ஷெட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மேடம்தான் வரச் சொல்லியிருந்தார். பிரின்சிபலே அங்கு நடந்து போய், “நாளையிலேருந்து வாம்மா. நாங்க அவசரப்பட்டுட்டோம்” என்று சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு பிரின்சிபல் அத்தனை தூரம் நடக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு இன்றும் என் மனதில் தனி மரியாதை உண்டு.

நான் அவள் எதிரில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

“சார், எனக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க.”

“என்ன பேப்பரும்மா?”

“பழுது இருந்துச்சுன்னு. எங்கப்பாவை இங்க கூப்ட்டு உங்க ரிப்போர்ட்டப் படிச்சுக் காட்டுனாங்க. அன்னியிலேருந்து பதினோரு நாளா அவுரு எங்கிட்ட பேசல. நான் சொன்னத நம்பல சார், பேப்பர்ல இருந்தத நம்புனாரு. வாயால சொன்னா இப்பவும் நம்ப மாட்டாரு. பேப்பர்லயே எழுதிக் குடுங்க.”

அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நான் முழுக்கத் தகுதியானவன். புதிய ரிப்போர்ட் தாளை எடுத்துத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். இரண்டு கட்டத்தையும் இந்த முறை உள்ளபடி நிரப்பினேன். மேடம் வாங்கிப் படித்துவிட்டுத் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

“தபால்ல அனுப்புற பேப்பர் இல்ல இது. நீங்களே கொண்டுபோயி குடுத்துட்டு வாங்கண்ணே. நான் கடலூர் போறேன்” என்றார். அந்த மனுஷி அன்று என்னை வேலையை விட்டு நீக்கியிருக்கலாம். பிறகு வந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைக் குத்திக் காட்டியதில்லை. என் சோற்றைக் காப்பாற்றியதைவிட, அன்று என்னை அந்த டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டதற்குத்தான் அவரை நினைத்து நான் கும்பிடுகிறேன்.

செல்வியோடு அவள் ஊருக்குப் போனேன், கொள்ளிடக் கரைப் பக்கம் சின்ன ஊர். செல்வியின் அப்பா வயலிலிருந்து வந்து வாசல் வாளியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து என்றதும் அவர் முகம் சுருங்கியது. மகளைப் பார்க்கவில்லை. நான் யார் என்று சொல்லி, தாளை எடுத்துப் படித்தேன். கம்ப்யூட்டரில் பேட்டரி பழுதாக இருந்தது. அதனால் தேதியும் நேரமும் தவறாகக் காட்டியது. ஆனி மாதம் நான் சரியாகப் பரிசோதிக்காமல் பழுது இல்லை என்று எழுதியது பொய். தவறு என்னுடையது. செல்வியின் மேல் எந்தத் தவறும் இல்லை.

அவர் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். “மொதல்ல எழுதுனதும் நீங்கதானா?”

“ஆமாங்க.”

“படிச்சவுங்க கையெழுத்துப் போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு அதைவிட இலேசாக இருந்திருக்கும்.

பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார். “வாங்க” என்று தெருவின் நடுவுக்கு அழைத்துப் போனார். எதிர் வீட்டில் இரண்டு பேர், குழாயடியில் நாலு பேர், பெட்டிக்கடையில் சிலர். அந்த மாணவனின் வீடும் அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

“இப்பப் படிங்க. கொஞ்சம் சத்தமா.”

படித்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கிட்டே வந்தார்கள். கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மறுபடி படிக்கச் சொன்னார், படித்தேன். மூன்றாம் முறை, ‘தவறு என்னுடையது’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதையும் அதுக்கு அடுத்ததையும் மட்டும் திரும்பப் படிங்க.”

தவறு என்னுடையது. செல்வியின் மேல் எந்தத் தவறும் இல்லை.

கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள்.

“செல்வி, சாருக்கு எல போடும்மா” என்றார்.

அவள் சட்டென்று உள்ளே ஓடினாள். நான் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பொய் எழுதி அவர்கள் பெண்ணைத் தெருவில் நிறுத்தியவனுக்கு, அந்தப் பெண்ணே மூன்று முறை கேட்டுக் கேட்டுச் சோறு போட்டாள்.